வேதக்கோயில் நிற்கிற மண்

செங்கல்பட்டில் அக்டோபர் 10 என்றால் நமக்கு இரண்டு பெயர்கள். ஜான் தாமஸ், ஏழுமலை. மாமல்லபுரத்துக்கு அருகில் உள்ள காரணையின் பஞ்சமி நிலத்தைக் கேட்டு நடந்த போராட்டத்தில், 1994-ல் இதே நாளில் போலீஸ் சுட்டுக் கொன்ற இருவர். ஒன்று வேதக்காரப் பெயர், மற்றது மலைக்கோயில் பெயர். கேட்டது ஒரே மண். குண்டு மதம் பார்க்கவில்லை.

தோழர்களே, இந்தப் பெயர்களைச் சேர்த்துச் சொல்லும்போதெல்லாம் எங்கள் சேரியின் மெதடிஸ்ட் கோயில் எனக்கு ஞாபகம் வரும். ஓடு போட்ட சின்னக் கட்டடம். வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூடம், ஞாயிறு ஆராதனை. போன வருஷம் அதை இடித்துவிட்டு வாடகைக்கு விடுகிற மண்டபம் கட்டலாம் என்று பேச்சு வந்தது. எனக்கு உடனே பாட்டி சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. "மிராசுதாரு வந்து எழுந்து போடான்னு சொல்ல முடியாத எடம் நம்ம தெருவுல அது ஒண்ணுதாண்டா இருந்துச்சு."

அந்தக் கிழவி சொன்ன வரலாறு எந்தச் சபையின் விழா மலரிலும் இருக்காது. எந்தத் துரை வந்தார், எந்தத் துரைசாணி மணி வாங்கிக் கொடுத்தார் என்று பக்கம் பக்கமாய் இருக்கும். கட்டடம் நிற்கிற மண்ணைப் பற்றி ஒரு வரி கிடையாது.

மெதடிஸ்ட்டுகள் 1817-ல் ஜேம்ஸ் லிஞ்ச் மூலம் இலங்கையிலிருந்து சென்னைக்கு வந்தவர்கள். அவர்களைச் சேரிக்குள் இழுத்து வந்தது சேரி ஜனம்தான். அன்று சேரி நத்தமே மிராசுதாரின் பிடியில் இருந்தது. குடிசை நம்முடையது, அது நிற்கிற தரை அவனுடையது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினாலும் வேதத்தில் சேர்ந்தாலும் கூலி கூடக் கேட்டாலும் ஒரே பதில்தான்: குடிசையைப் பிரிச்சிக்கிட்டு கிளம்பு. அந்த நிலையில் சேரியில் ஒரு பள்ளிக்கோ கோயிலுக்கோ மனை வாங்குவது பக்திக் காரியம் மட்டுமா? அது நேரடி நிலப் பிரச்சினை.

செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் 1891-ல் இம்மாவட்டப் பறையர்களைப் பற்றி எழுதிய அறிக்கை நம் நிலமற்ற நிலையை அரசாங்கக் காகிதத்தில் ஏற்றியது. சென்னை மிஷனரிகளும் அதே ஆண்டு அரசுக்கு மனுப்போட்டார்கள். 1892 செப்டம்பர் 30-ல் 1010, 1010-ஏ அரசாணைகள் வந்தன. பஞ்சமி நிலத்துக்கு அதுவே வேர். அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த திருவள்ளூர், ஈக்காடு பகுதியில் வேலை செய்த மெதடிஸ்ட் மிஷனரி வில்லியம் கௌடி, 1894-ல் பறையர்களும் நிலமும் பற்றித் தனியாகக் கட்டுரையே எழுதினார். செங்கல்பட்டிலிருந்த ஸ்காட்லாந்து மிஷனின் ஆடம் ஆண்ட்ரூ, மெல்ரோசாபுரம் என்ற குடியிருப்பையே உருவாக்கினார்.

அதற்காக மிஷனரிகளுக்குத் தூபம் போடச் சொல்லவில்லை. செங்கல் சுமந்தது யார்? பகலெல்லாம் பண்ணையில் வேலை செய்துவிட்டு ராத்திரியில் மண் குழைத்தது யார்? பேர் இல்லாத நம் பாட்டன் பாட்டிகள். நமக்கு உள்ளே வழிவிட்ட அதே திருச்சபைக்குள்தான் தனி வரிசையும் தனிக் கல்லறையும் இருந்தன. சாதி ஞானஸ்நானத் தண்ணீரில் கரையவில்லை.

1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது நம் மெதடிஸ்ட் கோயில்களும் அதில் சேர்ந்தன. மூன்றே ஆண்டில், 1950-ன் குடியரசுத் தலைவர் ஆணை கிறித்தவ தலித்தைப் பட்டியல் சாதியிலிருந்து வெளியே தள்ளியது. சேரியில் அண்ணன் பட்டியலில், தம்பி வெளியே. கூரை ஒன்று, சான்றிதழ் இரண்டு. மண்ணை இழந்ததில் மட்டும் இருவரும் சமம்.

இன்று கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் மண்ணெல்லாம் பொன்னாகிவிட்டது. பஞ்சமி நிலத்தை விழுங்கியவர்களை எதிர்த்துக் கேட்கிறோம். சரி. சேரி உழைப்பில் எழுந்த கோயில் மனையை யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்க மட்டும் ஏன் தயங்குகிறோம்? கர்த்தருடைய சொத்து என்று சொன்னால் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா?

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. இந்த விடுமுறையில் உங்கள் ஊர் வேதக்கோயிலின் சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள். வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பத்திரம் யார் பேரில், யாரிடமிருந்து வாங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். மண் சுமந்தவர்களின் பேரக்குழந்தைகள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். பக்கத்தில் இருக்கிற பஞ்சமி நிலத்தின் சர்வே எண்ணையும் அதே நோட்டில் எழுதுங்கள். இரண்டும் ஒரே வரலாறு.

எங்கள் ஊரில் மண்டபப் பேச்சு இன்னும் முடியவில்லை. கூட்டத்தில் ஒரு தாத்தா எழுந்து ஒன்றே ஒன்று கேட்டார்: "மண்டபத்துக்கு வாடகை குடுக்க முடியாத எங்க பிள்ளைங்க எங்க உக்காந்து படிக்கும்?" பதில் வரும்வரை அந்த ஓட்டுக் கட்டடத்தில் ஒரு செங்கல்லையும் எடுக்க விடமாட்டோம்.