சிரப் வாங்கும் முன் சளியைக் கொடுங்கள்

இரண்டு வாரம் தாண்டிய இருமலை, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சிரப்பை நம்பி விட்டுவைக்கக் கூடாது. தொண்டை அரிப்பை அது சற்று அடக்கலாம். காசநோய்க் கிருமியை ஒன்றும் செய்யாது. 2019 முதல் 2021 வரை நாடு முழுக்க நடந்த காசநோய்க் கணக்கெடுப்பில், அறிகுறி இருந்தவர்களில் 64 சதவீதம் பேர் மருத்துவரிடமே போகவில்லை. பெரும்பாலோர் சொன்ன காரணம், அதைப் பொருட்படுத்தவில்லை என்பதுதான். அலட்சியம் என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் பாகூர் கொம்யூனில் பனித்திட்டு போன்ற மீனவ ஊர்களில், விடியும் முன் கடலுக்குப் போனவர் கரை திரும்பி, மீனை விற்று, வலையை ஒழுங்குபடுத்துவதற்குள் ஆஸ்பத்திரியின் காலை நேரம் கழிந்துவிடுகிறது. போகவேண்டுமென்றால் ஒரு நாள் தொழிலை விடவேண்டும்.

எல்லா இருமலும் டி.பி.யா என்று கேட்பார்கள். இல்லைதான். ஆஸ்துமா, பீடி, விறகடுப்புப் புகை, நெஞ்செரிச்சல், ஏன், எனலாப்ரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகூட மாதக்கணக்கில் இருமவைக்கும். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. சத்தத்தை வைத்து எது என்று சொல்ல முடியாது என்பதால்தான் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் வேண்டும் என்கிறேன். டி.பி. என்று ஊருக்குத் தெரிந்தால் பெண் கொடுக்க மாட்டார்கள் என்ற பயம் இந்தக் கேள்வியைவிடக் கனமானது. அதை அற்பமென்று ஒதுக்கமாட்டேன். ஆனால் 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டவர்கள் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமானார்கள் என்றும், அதனால் வீட்டாருக்கு ஆபத்து கூடவில்லை என்றும் 1959இலேயே காட்டிவிட்டது. சரியான மருந்து தொடங்கியதும் தொற்று வேகமாகக் குறைகிறது. மறைத்து வைத்த இருமல்தான் பக்கத்துப் பாயில் படுத்திருக்கும் பிள்ளைக்குப் பரவுகிறது.

காசநோய் மருந்து அரசிடம் இலவசம். வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறார்கள். 2024 நவம்பர் வரை அது 500தான். தருவதெல்லாம் நோய் கண்டுபிடித்த பிறகு. கண்டுபிடிப்பதற்கான வழியையும் தொழிலாளியின் நேரத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டாமா? காலையில் எழுந்ததும் நெஞ்சிலிருந்து காறி எடுக்கும் சளி பரிசோதனைக்கு நல்லது, எச்சில் உதவாது. மூடியுள்ள டப்பாவை முதல் நாள் மாலையே வீட்டில் கொடுத்து, எப்படி எடுப்பதென்று காட்டிவிட்டால், கடலுக்குப் புறப்படும் முன் அவர் எடுத்து வைத்துவிடுவார். சுகாதார ஊழியர் காலையில் வந்து அதை வாங்கிப் போகலாம். எக்ஸ்ரே வண்டியும் மாலையில் கடற்கரைக்கு வரட்டும்.