மூன்று பேரையும் ஒரு அணியாக்கியவர்கள்

படப்பையில் புது வீட்டுக்குக் குடிவரும் குடும்பங்களில், பழைய வீட்டுப் பரணிலிருந்து இறங்கும் ஒரு அட்டைப்பெட்டி மட்டும் எப்போதும் சண்டையைக் கிளப்பும். உள்ளே அட்டை கிழிந்த காமிக்ஸ் புத்தகங்கள். "ஏங்க, இதைப் பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுடலாமா?" என்பார் மனைவி. அறுபதை நெருங்கும் கணவர் பெட்டி மேல் கையை வைத்துக்கொள்வார். "வேற எதை வேணா போடு!"

அப்படி என்ன இருக்கிறது அதில்?

1972ல் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் தொடங்கியது முத்து காமிக்ஸ். முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. இங்கிலாந்தின் 'வேலியன்ட்' வார இதழில் 1962ல் பிறந்த நாயகன் அவன். படம் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் பிளாஸ்கோ.

விபத்தில் வலது கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன் மாயாவி. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான். இரும்புக்கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு முறை மறையவும் அவன் ஷாக் அடி வாங்கியாக வேண்டும். மந்திரத்தில் வந்த வரம் இல்லை, வலித்து வாங்கிய சக்தி. பையன்களுக்கு அவனைப் பிடித்துப்போனதில் ஆச்சரியமே இல்லை.

அடுத்து வந்தவர்கள் சி.ஐ.டி. லாரன்ஸ் – டேவிட் ஜோடி, உளவாளி ஜானி நீரோ. மாயாவியோடு சேர்த்து இவர்களுக்கு ரசிகர்கள் வைத்த பெயர் 'மும்மூர்த்திகள்'. எண்ணிப் பார்த்தால் நாலு பேர். ஆனால், லாரன்ஸும் டேவிட்டும் ஒரே கணக்கு!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவெஞ்சர்ஸ் மாதிரி இவர்கள் ஒரே கதையில் கைகோத்துச் சண்டை போட்டவர்கள் இல்லை. தனித்தனிக் கதைகளில் திரிந்தவர்களை ஒரு அணியாக்கியது தமிழ் வாசகர்களின் அன்புதான். 'பாதாள நகரம்', 'ஃப்ளைட் 731', 'மூளைத் திருடர்கள்' என்று தலைப்பைச் சொன்னாலே சிலருக்கு அட்டைப்படம் கண்முன் வந்துவிடும்.

1984ல் சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதில் வந்து கலக்கியவன் ஸ்பைடர். குற்றச் சக்கரவர்த்தியாக ஆரம்பித்து, பிறகு நல்லவன் பக்கம் வந்தவன். அவன் கதைகள் பலவற்றை இங்கிலாந்து இதழுக்கு எழுதியவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர்! அது தெரியாமலேயே தமிழ்ப் பிள்ளைகள் அவரை ரசித்தார்கள்.

முத்து காமிக்ஸ் 50 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. பழைய கதைகள் நல்ல தாளில் மறுபதிப்பாக வருகின்றன. இங்கிலாந்திலும் மாயாவி, ஸ்பைடர் கதைகளைத் தொகுத்துப் புத்தகமாக்கியிருக்கிறார்கள்.

இன்று படித்தால் குறைகள் தெரியத்தான் செய்யும். விஞ்ஞானம் காதில் பூ சுற்றும். வில்லன் தன் திட்டம் முழுவதையும் வாயாலேயே சொல்லி மாட்டிக்கொள்வான். ஜானி நீரோவின் காரியதரிசி ஸ்டெல்லா மாதிரி ஒருசிலரைத் தவிர, பெண்களுக்குப் பெரிதாக வேலை கிடையாது. பேரப்பிள்ளைகள் இதையெல்லாம் பார்த்துச் சிரித்தால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஆனால், ஒரு விஷயத்தில் அந்தப் புத்தகங்களை யாரும் குறை சொல்ல முடியாது. பாடப் புத்தகத்தைத் திறக்க அழுத பிள்ளைகள்கூட அடுத்து என்ன ஆகும் என்ற தவிப்பில் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். சின்னச் சின்ன வாக்கியம், பக்கத்திலேயே படம். தமிழ் வாசிப்பு தானாக வந்தது.

இன்றைக்கு எத்தனை வீடுகளில் பிள்ளைகள் தமிழை நன்றாகப் பேசுகிறார்கள், ஆனால் படிக்கத் திணறுகிறார்கள்! அந்த வீடுகளில் பழைய பெட்டிக்கு இன்னும் வேலை இருக்கிறது. பூட்டி வைத்துப் பெருமைப்படுவதைவிட, நைந்துபோன அரிய பிரதிகளை மட்டும் உறையிட்டுத் தனியே வைத்துவிட்டு, மறுபதிப்பு ஒன்றைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாம். மாயாவி பேசுவதைத் தாத்தா படிக்கட்டும், வில்லன் பேசுவதைப் பேத்தி படிக்கட்டும். தினம் நாலு பக்கம் போதும்.

ஐந்தாவது பக்கத்தை அவளே கேட்பாள்.