சப்போர்ட்தானேன்னு சொல்றதுக்கு முன்னாடி

ப்ளேஸ்மெண்ட் சீசன் ஆரம்பிச்சதும் நம்ம ஹாஸ்டல்ல யாரும் எழுதி வைக்காத ஒரு ரேங்க் லிஸ்ட் வந்துடும். முதல்ல ப்ராடக்ட் கம்பெனி டெவலப்பர். அப்புறம் சர்வீஸ் கம்பெனி டெவலப்பர். அப்புறம் டெஸ்டிங். கடைசியில சப்போர்ட். சப்போர்ட் ரோல்ல செலக்ட் ஆனவங்க வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல கம்பெனி பேரைப் போடுவாங்க, ரோல் என்னன்னு மட்டும் போட மாட்டாங்க. சொந்தக்காரங்க கேட்டா "சாஃப்ட்வேர் வேலை"ன்னு பொதுவா சொல்லி முடிச்சுடுவாங்க. இந்த வருஷம் என் கிளாஸ்லயே நாலு பேர் அப்படித்தான்.

இந்த லிஸ்ட்டை நான் ஒத்துக்க மாட்டேன். சம்பளத்தை மட்டும் வெச்சுப் பார்த்தா லிஸ்ட் சரிதான். ஆனா சேர்ந்த ஆறாவது மாசம் யார் கையில எவ்வளவு அதிகாரம் இருக்குன்னு பாருங்க, அப்படியே தலைகீழாகிடும். டெவலப்பரா சேர்றவங்க எழுதுற கோடை சீனியர் படிச்சுப் பார்த்து, டெஸ்டிங் முடிச்சு, அதுக்கப்புறம்தான் வெளியே விடுவாங்க. ரிமோட் சப்போர்ட்ல இருக்கறவங்க ராத்திரி ஒரு பட்டனை அழுத்தினா, அது கடல் தாண்டி ஆயிரம் கம்ப்யூட்டர்ல அந்த நிமிஷமே ஓடும்.

அந்தப் பட்டன் இருக்கிற சாஃப்ட்வேருக்குப் பெயர் ரிமோட் மானிட்டரிங் அண்ட் மேனேஜ்மெண்ட். சுருக்கமா ஆர்.எம்.எம். நம்ம நெட்வொர்க்ஸ் பேப்பர்ல எஸ்.என்.எம்.பி. பத்தி ரெண்டு மார்க் கேள்வி ஒண்ணு வரும், அதோட சரி. ஆர்.எம்.எம்.ங்கிற பேரை நான் முதல்ல கேட்டதே இன்டர்ன்ஷிப்லதான்.

அது எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு உதாரணம் சொல்றேன். அமெரிக்காவுல ஒரு சின்ன ஊர்ல பல் டாக்டர் ஒருத்தர் கிளினிக் வெச்சிருக்கார்னு வைங்க. மொத்தம் பன்னிரண்டு கம்ப்யூட்டர். அதுக்காக ஒரு ஐ.டி. ஆளை மாசச் சம்பளத்துக்கு வைக்க அவருக்குக் கட்டுப்படியாகாது. அதனால ஒரு மேனேஜ்டு சர்வீஸ் ப்ரொவைடர் கிட்ட மாசக் கட்டணத்துக்கு ஒப்படைச்சிடுவார். இவங்களை எம்.எஸ்.பி.ன்னு சொல்வாங்க. இந்த மாதிரி ஐம்பது, நூறு சின்ன பிசினஸை ஒரே எம்.எஸ்.பி. பார்த்துக்கும். அவங்க ஒவ்வொரு கம்ப்யூட்டர்லயும் ஏஜெண்ட்னு ஒரு சின்ன ப்ரோக்ராமைப் போட்டுடுவாங்க. டிஸ்க் நிறைஞ்சா, பேக்கப் ஓடலைன்னா, ஆன்டிவைரஸ் நின்னு போனா, ஏஜெண்ட் தகவல் அனுப்பும். அலெர்ட் வரும், டிக்கெட் விழும். நியூயார்க்ல சாயந்தரம் ஐந்தரை மணின்னா இங்க விடிகாலை மூணு. அந்த டிக்கெட்டை எடுக்கறவங்க பல நேரம் கோயம்புத்தூர்லயோ சென்னையிலயோ உட்கார்ந்திருப்பாங்க.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. வெளியிலிருந்து யாரும் அந்த கிளினிக் நெட்வொர்க்குக்குள்ள நுழைய வேண்டியதே இல்ல. ஏஜெண்ட்தான் உள்ளேயிருந்து 443 போர்ட் வழியா வெளியே போய் சர்வர்கிட்ட "எனக்கு ஏதாவது வேலை இருக்கா?"ன்னு கேட்கும். ஃபயர்வாலுக்கு அது சாதாரண வெப்சைட் பார்க்கிற மாதிரிதான் தெரியும், விட்டுடும். பெரும்பாலும் விண்டோஸ்ல இந்த ஏஜெண்ட் ஓடுறது சிஸ்டம் அக்கவுண்ட்ல. அட்மினிஸ்ட்ரேட்டரையே தாண்டின அதிகாரம் அதுக்கு உண்டு. சர்வர் என்ன சொன்னாலும், ஏன்னு கேட்காம செஞ்சு முடிச்சிடும். டிசைனா பார்த்தா அழகு. அதே டிசைனை ஒரு திருடன் கண்ணால பாருங்க.

2021 ஜூலை 2, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவில் சுதந்திர தின விடுமுறைக்கு எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்த மதியம். கசேயா என்ற நிறுவனத்தின் வி.எஸ்.ஏ. என்கிற ஆர்.எம்.எம். சாஃப்ட்வேரில் இருந்த ஓட்டை வழியாக ரெவில் என்ற ரான்சம்வேர் கும்பலின் ஆட்கள் உள்ளே புகுந்தார்கள். அவர்கள் நேரடியாகப் பிடித்தது அறுபதுக்கும் குறைவான கசேயா வாடிக்கையாளர்களின் சர்வர்களைத்தான். அதில் பெரும்பாலானவர்கள் எம்.எஸ்.பி.க்கள். ஆனால் அந்த எம்.எஸ்.பி.க்கள் பார்த்துக்கொண்டிருந்த பிசினஸ்கள், கசேயாவின் கணக்குப்படியே 800-லிருந்து 1500 வரை மாட்டின. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் அந்த ரான்சம்வேர் போனது எப்படித் தெரியுமா? 'ஏஜெண்ட் ஹாட்ஃபிக்ஸ்' என்ற பெயரில், அப்டேட் மாதிரி. ஏஜெண்ட் வழக்கம்போல வாங்கி ஓடவிட்டது. ஏஜெண்டின் ஃபோல்டரை ஆன்டிவைரஸ் ஸ்கேன் செய்யாமல் விலக்கி வைக்கச் சொல்லி கசேயாவே பரிந்துரை செய்திருந்தது, அதனால் அந்தக் காவலும் பல இடங்களில் இல்லை.

ஸ்வீடனில் கூப் என்று ஒரு பெரிய மளிகைக் கடை சங்கிலி இருக்கிறது. அவர்களுக்கு கசேயா நேரடி சம்பந்தமே கிடையாது. அவர்களுடைய பில்லிங் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் வேறொரு கம்பெனிதான் அந்த சாஃப்ட்வேரை வைத்திருந்தது. அடுத்த நாள் சனிக்கிழமை சுமார் 800 கடைகளில் பெரும்பாலானவற்றை அவர்கள் திறக்க முடியவில்லை, ஏனென்றால் பில் போட முடியவில்லை. பாலும் ரொட்டியும் ஷெல்ஃபில் இருக்கிறது, விற்க வழியில்லை. நியூசிலாந்தில் சில பள்ளிக்கூடங்கள்கூட மாட்டின. மொத்தமாகத் திறக்கும் சாவிக்கு அந்தக் கும்பல் கேட்டது 7 கோடி டாலர்.

இதுல இன்னொரு கிளைக்கதை உண்டு. அந்த ஓட்டையை நெதர்லாந்தைச் சேர்ந்த டி.ஐ.வி.டி. என்ற தன்னார்வலர் அமைப்பு ஏப்ரல் மாசமே கண்டுபிடிச்சு கசேயாகிட்ட சொல்லியிருந்தாங்க. கசேயாவும் அலட்சியமா இல்ல, சேர்ந்து வேலை பார்த்து சிலதை அடைச்சாங்க. மிச்சத்தை அடைக்கிறதுக்குள்ள கும்பல் முந்திக்கிச்சு. முழு பேட்ச் வந்தது ஜூலை 11. பேட்ச் தாமதமானா என்ன ஆகும்னு யாராவது கேட்டா, நான் இந்தத் தேதிகளைத்தான் சொல்வேன்.

சரி, இது திருடன் செஞ்ச வேலை, நம்ம சப்போர்ட் ஆளுக்கு இதுல என்னன்னு கேட்பீங்க. திருடனே இல்லாமலும் நடந்திருக்கு. 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்குல்ல? க்ரவுட்ஸ்ட்ரைக். அது ஆர்.எம்.எம். இல்ல, செக்யூரிட்டி சாஃப்ட்வேர். ஆனா அமைப்பு அதேதான்: கம்ப்யூட்டரோட ஆழத்துல ஒரு ஏஜெண்ட், நடுவுல ஒரு இடம், அங்கிருந்து ஒரே நேரத்துல எல்லாருக்கும் போற ஃபைல். தப்பான ஃபைலைக் கண்டுபிடிச்சு நிறுத்த அவங்களுக்கு ஆனது 78 நிமிஷம். அதுக்குள்ள, மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர் நீலத் திரையோட விழுந்திருந்தது. நம்ம ஊர் ஏர்போர்ட்கள்ல கையால எழுதின போர்டிங் பாஸ் கொடுத்தாங்க. பல கம்ப்யூட்டர் பூட்டே ஆகாததால ரிமோட்ல சரி பண்ணவும் முடியல. ஒவ்வொரு மெஷின்கிட்டயும் ஒரு ஆள் நடந்து போய், சேஃப் மோட்ல ஏத்தி, அந்த ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது. படிப்படியா, முதல்ல கொஞ்சம் பேருக்கு அனுப்பிப் பார்த்திருந்தா பெரும்பகுதி தப்பிச்சிருக்கும். அதுக்கப்புறம்தான் அந்த வகை ஃபைலையும் இனிமே அப்படி அனுப்புவோம்னு அந்தக் கம்பெனி சொல்லிச்சு.

கோயம்புத்தூர்ல நான் இன்டர்ன்ஷிப் போன இடத்துல ஒரு சீனியர் அக்கா இருந்தாங்க. ஏதாவது ஸ்க்ரிப்ட் எல்லா க்ளையண்ட்டுக்கும் போகணும்னா முதல்ல தன்னோட சொந்த மெஷின்ல ஓட்டுவாங்க. அப்புறம் மூணு டெஸ்ட் மெஷின். அப்புறம் ஒரே ஒரு க்ளையண்ட், அதுவும் அவங்க ஆபீஸ் மூடுன பிறகு. ஒரு டீ குடிச்சிட்டு வந்து லாக் பார்ப்பாங்க. எல்லாம் பச்சையா இருந்தாத்தான் மத்தவங்களுக்கு. "அஞ்சு நிமிஷ வேலைக்கு ஒரு மணி நேரம் எடுக்கறாங்களே"ன்னு எங்க பேட்ச் பசங்க சிரிச்சாங்க. அவங்க ஐ.டி.ஐ. முடிச்சவங்க. நம்ம ரேங்க் லிஸ்ட்ல அவங்களுக்கு இடமே கிடையாது.

பட்டன் மட்டும் இல்ல, கண்ணும் இருக்கு இந்த வேலையில. பெரும்பாலான ஆர்.எம்.எம். டூல்ல இன்னொருத்தர் ஸ்க்ரீனைப் பார்க்கலாம், ஃபைலைத் திறக்கலாம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் லோயர் மெரியன் என்ற பள்ளி மாவட்டம் மாணவர்களுக்கு மேக்புக் கொடுத்திருந்தது. அதில் இருந்த மேனேஜ்மெண்ட் சாஃப்ட்வேரில், லேப்டாப் திருடு போனால் கண்டுபிடிக்க, கேமராவில் தானாகப் படம் எடுக்கும் வசதி இருந்தது. இந்த விஷயத்தை மாணவர்களிடமோ பெற்றோரிடமோ சொல்லவில்லை. வீட்டில் இருந்த ஒரு மாணவனின் படம் ஸ்கூல் வரை வந்து, 2010-ல் வழக்கானது. விசாரணையில் வெளிவந்த வெப்கேம் படங்களும் ஸ்க்ரீன்ஷாட்களும் சேர்த்து ஐம்பதாயிரத்துக்கும் மேல். கடைசியில் அந்தப் பள்ளி மாவட்டம் 6,10,000 டாலருக்கு சமரசம் செய்துகொண்டது. நீங்க நாளைக்கு வாங்கப்போற கம்பெனி லேப்டாப்லயும் ஏதோ ஒரு ஏஜெண்ட் இருக்கும். அதுல பர்சனல் போட்டோ வைக்காதீங்கன்னு சொல்றது சுலபம். அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற ஆளும் நீங்களாவே இருக்கலாம்ங்கிறதை யாரும் சொல்றதில்ல.

இதெல்லாம் ஏதோ வெளிநாட்டு சமாச்சாரம்னு நினைக்காதீங்க. ஜோஹோவோட மேனேஜ்எஞ்ஜின் பிரிவு சென்னையிலிருந்து உலகத்துக்கே விற்கிற எண்ட்பாயிண்ட் சென்ட்ரல் இந்த வகை சாஃப்ட்வேர்தான். அதுக்குப் பழைய பேர் டெஸ்க்டாப் சென்ட்ரல். 2020 மார்ச்ல அதுலயும் ஒரு பெரிய ஓட்டை வெளிவந்தது. கண்டுபிடிச்ச ஆராய்ச்சியாளர் கம்பெனிக்கு முன்கூட்டிச் சொல்லாமலே வெளியிட்டுட்டார். உடனடியா பேட்ச் விட்டாங்க, ஆனா சில நாள்லயே அதைப் போடாத சர்வர்கள்ல ஆள் புகுந்தாங்க. ஆக, செய்யறதும் நம்ம ஊர், ராத்திரி முழிச்சிருந்து ஓட்டறதும் நம்ம ஊர். நாலு வருஷப் படிப்புல மட்டும் இது எங்கயும் இல்ல.

லேப் இல்லன்னு சொல்ல முடியாது. ஜாபிக்ஸ், நாகியோஸ், மெஷ்சென்ட்ரல் எல்லாம் இலவசம், சோர்ஸ் கோடே கிடைக்கும். ரெண்டு வி.எம். போதும். பைத்தான்ல பிஎஸ்யூடில் லைப்ரரி வெச்சு, சி.பி.யூ., டிஸ்க் அளவை நிமிஷத்துக்கு ஒரு தடவை அனுப்பற குட்டி ஏஜெண்ட்டை ஒரு சாயந்தரத்துல எழுதிடலாம். நம்ம டிபார்ட்மெண்ட் லேப்ல அறுபது மெஷினுக்கும் லேப் அண்ணா பென்டிரைவோட ஒவ்வொண்ணா போய் உட்கார்றதை நாலு வருஷமா பார்த்துட்டுதான் இருக்கோம். ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு இன்னொரு ஃபேஸ் ரெகக்னிஷன் அட்டெண்டன்ஸ் சிஸ்டம் செய்யறதுக்குப் பதிலா அவருக்கு இதைச் செஞ்சு கொடுத்தா, அவர் முதுகாவது தப்பிக்கும்.

இந்த வேலையை நான் தூக்கி வெச்சுப் பேசறதா நினைக்க வேண்டாம். நைட் ஷிஃப்ட் நிஜமாவே உடம்பைக் கெடுக்கும். அலெர்ட் மழை மாதிரி வரும். நூறுல தொண்ணூறு "டிஸ்க் 90 சதவீதம்" ரகம், படிக்காமலே மூடக் கை பழகிடும், நிஜமான ஒண்ணு அந்தக் கூட்டத்தோட சேர்ந்து மூடப்படும். சில இடங்கள்ல ரெண்டு வாரம் ட்ரெய்னிங் கொடுத்துட்டு மொத்தச் சாவிக்கொத்தையும் கையில கொடுத்துடறாங்க. என் கோபமே அதுதான். சப்போர்ட்தானேங்கிற எண்ணம் நம்ம ஹாஸ்டல்ல மட்டும் இல்ல, கம்பெனிகள்கிட்டயும் இருக்கு. அதனாலதான் அந்தச் சம்பளம், அதனாலதான் அந்த ரெண்டு வார ட்ரெய்னிங். நாமளே கூச்சப்பட்டு ரோலை மறைச்சா, அவங்க ஏன் மாத்தப் போறாங்க?

அதனால இந்த மாசம் அந்த மாதிரி இன்டர்வியூவுக்குப் போறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைசியில ஹெச்.ஆர். "உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கா?"ன்னு கேட்பாங்க. வழக்கமா நாம "நோ மேம், தேங்க்யூ மேம்"னு எழுந்து வந்துடுவோம். இந்தத் தடவை உட்காருங்க. ஒரு ஆளுக்கு எத்தனை மெஷின்னு கேளுங்க. கன்சோலுக்கு ஆளாளுக்குத் தனி லாகின் இருக்கா, இல்ல ஷிஃப்ட் முழுக்க ஒரே பாஸ்வேர்டா, ரெண்டாவது பூட்டா போனுக்கு ஓ.டி.பி. வருதான்னு கேளுங்க. எல்லா க்ளையண்ட்டுக்கும் ஒரு ஸ்க்ரிப்ட் போகணும்னா யார் ஓகே சொல்லணும், ராத்திரி மூணு மணிக்கு அந்த ஆள் போனை எடுப்பாரான்னும் கேளுங்க. டெக்னிக்கல் பேனல்ல இருக்கறவர் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னா, ரோல் பேரையும் சேர்த்தே ஸ்டேட்டஸ்ல போடுங்க.