ஹார்ஸ் செஸ்ட்நட்: வீக்கத்துக்குக் கொடுக்கும் முன் காலைப் பாருங்கள்

கால் வீக்கத்துக்கும் அடிபட்ட ரத்தக்கட்டுக்கும் ஹார்ஸ் செஸ்ட்நட் சேர்ந்த மாத்திரை, காப்ஸ்யூல், ஜெல் என்று பல வடிவங்கள் இன்று நம் மருந்துக்கடை அலமாரிகளில் இருக்கின்றன. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வீக்கத்துக்கு எழுதும் மருத்துவர்களும் உண்டு. பெயரைக் கேள்விப்பட்டுத் தாமாகவே வந்து கேட்பவர்களும் உண்டு. இந்த மருந்துக்குப் பின்னால் உண்மையான ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் அந்த ஆய்வுகள் ஒரு குறிப்பிட்ட சாற்றை, குறிப்பிட்ட அளவில், குறிப்பிட்ட வகை வீக்கத்துக்குக் கொடுத்துச் செய்யப்பட்டவை. அந்த எல்லையைத் தாண்டி எல்லா வீக்கத்துக்கும் எல்லாக் காயத்துக்கும் அதே உறுதியுடன் இதை எடுத்துக் கொடுப்பதை மருந்தாளுநர்களாகிய நாம் நிறுத்த வேண்டும். இந்த இதழில் அதைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன்.

முதலில் மூலப்பொருள். தாவரவியல் பெயர் ஈஸ்குலஸ் ஹிப்போகாஸ்டனம். பால்கன் மலைப்பகுதிகளைச் சேர்ந்த மரம். அல்பேனியா, வடக்கு மாசிடோனியா, கிரீஸ் நாடுகளின் மலைகளில் தானாக வளர்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிள் வழியாக வியன்னா வந்து, பிறகு ஐரோப்பாவெங்கும் சாலையோர மரமாகப் பரவியது. மருந்தாவது அதன் விதை. சுட்டுத் தின்னும் செஸ்ட்நட் வேறு குடும்பத்து மரம். பார்த்தவுடன் பிரித்தறியலாம்: தின்னும் செஸ்ட்நட்டின் மேலோடு முழுக்க ஊசிபோன்ற முட்கள் அடர்ந்திருக்கும், கொட்டையின் நுனி கூராக முடியும். ஹார்ஸ் செஸ்ட்நட்டின் பச்சை மேலோட்டில் குட்டையான முட்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். உள்ளே பளபளக்கும் பழுப்புக் கொட்டை, நுனியில்லாமல் உருண்டு, ஒரு பக்கம் வெளிறிய பெரிய வட்டத் தழும்போடு இருக்கும். இந்தக் கொட்டை பச்சையாக உண்ணத் தக்கதல்ல, நஞ்சு. இலை, பட்டை, பூ ஆகியவற்றையும் அப்படியே உட்கொள்ளக் கூடாது. அவற்றில் உள்ள ஈஸ்குலின் என்ற கூமரின் வகைப் பொருள் தீங்கானது. ஆகவே விதையை வாங்கிப் பொடித்துக் கஷாயம் வைக்கலாமா என்று யாராவது கேட்டால், கூடாது என்று தயங்காமல் சொல்ல வேண்டும்.

நம் இமயமலைச் சரிவுகளில் இதே பேரினத்தைச் சேர்ந்த ஈஸ்குலஸ் இண்டிகா வளர்கிறது. அங்குள்ள மக்கள் அதன் கொட்டையைப் பலமுறை நீரில் அலசிக் கசப்பை நீக்கி மாவாக்கி உண்பதும் உண்டு. உறவுள்ள மரம் என்பதாலேயே ஐரோப்பிய ஆய்வின் முடிவை அதற்கும் பொருத்திவிட முடியாது. லேபிளில் ‘ஹார்ஸ் செஸ்ட்நட்’ என்று மட்டும் இருந்தால் போதாது. எந்த இனம், எந்தப் பாகம் என்பதும் இருக்க வேண்டும்.

விதையில் வேலை செய்யும் பொருள் எஸ்சின். இது ஒரே மூலக்கூறு அல்ல. டிரைடெர்பீன் சபோனின்கள் பலவற்றின் கலவை. சிரைச் சுவரும் நுண்குழாய்களும் பலவீனப்படும்போது ரத்தத்தின் நீர்ப்பகுதி திசுக்களுக்குள் கசிந்து வீக்கமாகிறது. எஸ்சின் அந்தக் கசிவைக் குறைக்கிறது. குழாய்ச் சுவரைத் தாங்கும் பொருள்களைச் சிதைக்கும் ஹயலுரானிடேஸ் நொதியைத் தடுக்கிறது. ஆக்ஸிஜன் குறையும்போது உட்சுவர்ச் செல்கள் தூண்டப்படுவதைத் தணிக்கிறது. சிரைகளின் இறுக்கத்தைச் சற்றே கூட்டுகிறது. ஆய்வுக்கூடத்தில் காணப்பட்ட இந்தச் செயல்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. சிறுநீரைப் பெருக்கி வீக்கத்தை வடிக்கும் மருந்துகளின் வழி இதன் வழியல்ல என்பதையும் கவனிக்க வேண்டும்.

இனி மனிதர்களிடம் கிடைத்த சான்று. 1996-ல் ‘தி லான்செட்’ இதழில் டீம் (Diehm) குழுவினர் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. நாள்பட்ட சிரைக் குறைபாட்டால் கால் வீங்கிய 240 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பிரிவுக்கு 50 மி.கி. எஸ்சின் உள்ள சாற்றை நாளுக்கு இருவேளையும், ஒரு பிரிவுக்கு அழுத்தக் காலுறையும், ஒரு பிரிவுக்குப் போலி மாத்திரையும் 12 வாரம் கொடுத்தார்கள். கீழ்க்காலின் கன அளவு சாறு எடுத்தவர்களுக்குச் சராசரியாக 43.8 மி.லி. குறைந்தது, காலுறை அணிந்தவர்களுக்கு 46.7 மி.லி. குறைந்தது, போலி மாத்திரைப் பிரிவில் 9.8 மி.லி. கூடியது. பிறகு பிட்லரும் எர்ன்ஸ்டும் காக்ரேன் அமைப்புக்காகச் செய்து 2012-ல் புதுப்பித்த தொகுப்பாய்வில் 17 ஆய்வுகள் இடம்பெற்றன. கால் கன அளவைப் பற்றி ஒருங்கே கணக்கிடக் கூடிய 6 ஆய்வுகளில், 502 பேரிடம், போலி மருந்தைவிட 32.1 மி.லி. கூடுதலாகக் குறைந்தது. வலியும் அரிப்பும் குறைந்ததாகவும் பல ஆய்வுகள் காட்டின. குறுகிய காலத்துக்குப் பயனுள்ளது, பாதுகாப்பானது, இன்னும் பெரிய ஆய்வுகள் தேவை என்பதே அந்தத் தொகுப்பாய்வின் முடிவு.

மூலிகை மருந்துகளில் இந்த அளவுக்குச் சான்றுள்ளவை அதிகமில்லை. அதை மதிக்க வேண்டும். அதே நேரத்தில் இது என்ன செய்யாது என்பதையும் வாடிக்கையாளரிடம் சொல்லிவிட வேண்டும். புடைத்து நெளிந்த வெரிகோஸ் நரம்பை இது மறையச் செய்யாது. சிரையின் பழுதான வால்வைச் சரிசெய்யாது. கணுக்கால் புண்ணை ஆற்றும் மருந்தும் அல்ல. கனம், இழுப்பு, மாலை வீக்கம் ஆகியவற்றைக் குறைக்கும். அதுவும் பலன் தெரிய 4 வாரமாவது ஆகலாம். ‘ரெண்டு நாள் சாப்பிட்டேன், ஒண்ணும் கேக்கல’ என்று மாத்திரை அட்டையைத் திருப்பிக் கொண்டுவருபவரிடம் இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

அடிபட்ட ரத்தக்கட்டின் கதை வேறு. அங்கே பெரும்பாலும் தோலின் மேல் பூசும் ஜெல். 1993-ல் வெளியான ஓர் ஆய்வில் ஆரோக்கியமான தன்னார்வலர்களின் உடலில் செயற்கையாக ரத்தக்கட்டு உண்டாக்கி, 2 சதவீத எஸ்சின் ஜெல்லை ஒரேயொரு முறை பூசிப் பார்த்தார்கள். தொட்டு அழுத்தும்போது ஏற்படும் வலி போலி ஜெல்லைவிடக் குறைந்தது. 2002-ல் கால்பந்து, ஹேண்ட்பால், கராத்தே போட்டிகளில் அடிபட்ட 156 பேரிடம் செய்த ஆய்வும் சாதகமாகவே வந்தது. ஆனால் அதில் பயன்பட்டவை எஸ்சினுடன் டைஎதிலமைன் சாலிசிலேட், ஹெப்பரின் ஆகியவை சேர்ந்த கூட்டு ஜெல்கள். வலியைக் குறைத்ததில் எஸ்சினின் பங்கு எவ்வளவு, சாலிசிலேட்டின் பங்கு எவ்வளவு என்று அதைக் கொண்டு பிரித்துச் சொல்ல முடியாது. ஐரோப்பிய மருந்து முகமையின் மூலிகைக் குழுவும் இந்த வேறுபாட்டைத் தெளிவாக வைத்திருக்கிறது: சிரைக் குறைபாட்டுக்கு உட்கொள்ளும் சாறு, சான்றால் நிலைநாட்டப்பட்ட பயன்பாடு என்ற பிரிவில் வருகிறது, ரத்தக்கட்டுக்குப் பூசுவது நெடுங்கால வழக்கத்தின் அடிப்படையில் ஏற்கப்பட்ட பயன்பாடு என்ற பிரிவில்தான் வருகிறது. மாத்திரையின் சான்றைக் காட்டி ஜெல்லை விற்பது நேர்மையல்ல.

இப்போது நம் கவுன்ட்டருக்கு வருவோம். ‘காலு கனமா இருக்கு தம்பி, சாயங்காலம் ஆனா செருப்பு நுழைய மாட்டேங்குது’ என்று ஓர் அம்மா வந்து நிற்கிறார். அலமாரிப் பக்கம் திரும்பும் முன் இரண்டு நிமிடம் செலவிடுங்கள். உட்கார வைத்து, இரண்டு கால்களையும் பாருங்கள். வீக்கம் ஒரு காலிலா, இரண்டிலுமா? திடீரென வந்ததா, மாதக்கணக்கில் இருக்கிறதா? முழங்காலுக்குக் கீழே முன்புறம் தட்டுப்படும் எலும்பு முண்டிலிருந்து 10 செ.மீ. இறக்கி, இரண்டு கெண்டைக்கால்களையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். ஒன்று மற்றதைவிட 3 செ.மீ.க்கு மேல் பெரிதாக இருந்தால், அது ஆழ்சிரை ரத்த உறைவாக இருக்கலாம் என்பதற்கான அறிகுறிகளில் ஒன்று. அண்மையில் அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு, நீண்ட படுக்கை, புற்றுநோய், பிரசவம் ஏதேனும் உண்டா என்று கேளுங்கள். வேறுபாடு 3 செ.மீ.க்குள் இருந்தாலும், ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அங்கே கொடுக்க வேண்டியது எஸ்சின் அல்ல. உடனே மருத்துவமனைக்குப் போகும்படி சொல்லும் சொல். மூச்சுத் திணறலும் சேர்ந்திருந்தால் ஒரு கணமும் தாமதிக்கக் கூடாது. கால் சிவந்து சூடாகிக் காய்ச்சலும் இருந்தால் செல்லுலைடிஸாக இருக்கலாம். அதுவும் மருத்துவர் பார்க்க வேண்டியதே.

இரண்டு காலும் வீங்கியிருந்தால் அவர் சாப்பிடும் மருந்துகளின் சீட்டை வாங்கிப் பாருங்கள். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபைன் எடுப்பவர்களுக்குக் கணுக்கால் வீங்குவது நாம் தினமும் காண்பது. அந்த வீக்கத்துக்கு இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பதைவிட, மருத்துவரிடம் சொல்லி அளவையோ மருந்தையோ மாற்றச் செய்வதே முறை. இதயம், சிறுநீரகம், கல்லீரல் பழுதாலும் கால் வீங்கும். படுத்தால் மூச்சு முட்டுவது, முகம் உப்புவது, வயிறு பெருப்பது போன்றவற்றைக் கேட்டறியுங்கள். யானைக்கால் நோய் நெடுநாள் இருந்த மாவட்டங்களில் பணிபுரிபவர்கள், தடித்து இறுகிய தோலுடன் வரும் நிணநீர் வீக்கத்தைச் சிரை வீக்கம் என்று எண்ணிவிடக் கூடாது. நோயைக் கணிப்பது நம் வேலை அல்ல. யாரை அனுப்ப வேண்டும் என்று தெரிந்திருப்பது நம் வேலை.

ரத்தக்கட்டுடன் வருபவரிடமும் இதே கவனம் வேண்டும். எங்கே, எப்படி அடிபட்டது? அடியே படாமல் கன்றிப்போகிறதா? வார்பரின், குளோபிடோக்ரல், ஆஸ்பிரின் எடுக்கிறாரா? காய்ச்சலுடன் உடம்பில் திட்டுத்திட்டாகச் சிவந்தால் டெங்கு உட்படப் பலவற்றை நினைக்க வேண்டும். ஜெல் பூசிக் காத்திருக்கக் கூடாது. அடிபட்ட கெண்டைக்கால் கல்லாக இறுகி, காயத்துக்குப் பொருந்தாத அளவு வலித்து, விரலை நீட்டும்போது உயிர்போகும் வேதனை என்றால் அவசர அறுவை தேவைப்படலாம். சாதாரண அடியென்றால் முதல் நாள் ஓய்வு, துணி சுற்றிய ஐஸ், இதமான கட்டு, காலை உயர்த்தி வைத்தல் ஆகியவையே முதன்மை. ஜெல் அதற்குத் துணை. புதிதாய் அடிபட்ட இடத்தில் எண்ணெய் விட்டு உருவிவிடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது அது கட்டைப் பெரிதாக்கும். மூசாம்பரப் பத்து ஏற்கெனவே போட்டிருந்தால், தோலைக் கழுவி உலர்த்தி, புண்ணோ கீறலோ இல்லை என்று பார்த்த பிறகே ஜெல்லைப் பூச வேண்டும். கண், வாய், திறந்த காயம் எதன் அருகிலும் கூடாது.

அடுத்தது லேபிள். ஹார்ஸ் செஸ்ட்நட் என்ற ஒரே பெயரில் வெவ்வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. எஸ்சின் அளவு நிர்ணயிக்கப்பட்ட விதைச்சாறு ஒன்று. அளவு சொல்லாத தூள், டிங்சர் இன்னொன்று. ஹோமியோபதியில் மூலத்துக்குப் புகழ்பெற்ற ஈஸ்குலஸ் வீரியங்கள் மற்றொன்று. மன அமைதிக்காகக் கொடுக்கப்படும் பாச் மலர் மருந்தான ஒயிட் செஸ்ட்நட் வேறொன்று. ஒவ்வொன்றுக்கும் அதை நம்பிப் பயன்படுத்துவோர் இருக்கிறார்கள். ஆனால் மேலே சொன்ன ஆய்வுகள் முதல் வகைக்கு மட்டுமே உரியவை. ஆய்வுகளில் பெரும்பாலும் பயன்பட்ட அளவு நாளுக்கு 100 மி.கி. எஸ்சின், இரு வேளையாகப் பிரித்து. 16 முதல் 20 சதவீத எஸ்சின் உள்ள சாறானால் ஒரு வேளைக்கு ஏறக்குறைய 250 முதல் 300 மி.கி. சாறு. ‘சாறு 300 மி.கி.’ என்று மட்டும் எழுதி எஸ்சின் எத்தனை என்று சொல்லாத பெட்டியைக் கொண்டு இந்தக் கணக்கைப் போட முடியாது. அத்தகைய பொருளை வாங்கி அடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக: வயிற்றுக் கோளாறு, தலைவலி, தலைச்சுற்றல், அரிப்பு ஆகியவை சிலருக்கு வரும். சபோனின் வயிற்றை உறுத்தும் என்பதால் குடலில் கரையும் மேற்பூச்சுள்ள அல்லது மெதுவாக வெளிவிடும் மாத்திரைகளை உடைக்காமல், மெல்லாமல் விழுங்கச் சொல்லுங்கள். கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மருத்துவர் சொல்லாமல் கொடுக்க வேண்டாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள், சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்கள் ஆகியோரிடம் கூடுதல் கவனம் வேண்டும்; ஊசி வழியாகச் செலுத்திய எஸ்சினால் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. சாலிசிலேட் சேர்ந்த ஜெல்லை ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவருக்குக் கொடுக்கக் கூடாது.

கடைசியாக, மாத்திரை மட்டும் போதாத இடம். நம்மிடம் கால் வீக்கத்துடன் வருபவர்களில் ஜவுளிக்கடை, நகைக்கடை விற்பனைப் பெண்கள் நிறையப் பேர். நாள் முழுக்க நிற்கும் வேலை. கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021-ல் திருத்தப்பட்டது. அந்த உரிமை தங்களுக்கு உண்டு என்று அவர்களில் பலருக்கு நாம் சொல்லித்தான் தெரிய வேண்டியிருக்கலாம். அழுத்தக் காலுறையை அளவெடுத்துக் கொடுப்பது, இடையிடையே உட்காருவது, கெண்டைக்கால் தசை வேலை செய்யும்படி நடப்பது, படுக்கும்போது காலைச் சற்று உயர்த்தி வைப்பது ஆகியவற்றோடு சேர்ந்துதான் எஸ்சினுக்குப் பொருள் உண்டு.

இதழின் வாசகர்களிடம் மூன்று வேண்டுகோள்கள். எஸ்சின் அளவு எழுதாத பொருளை விற்காதீர்கள். இரண்டு காலையும் பார்க்காமல் வீக்கத்துக்கு மருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள். மருந்து வாங்கியவரின் பெயரைக் குறித்து வைத்து, 4 வாரம் கழித்து வரச்சொல்லி, அதே இடத்தில் டேப் வைத்து அளந்து பாருங்கள். குறையவில்லை என்றால் மருந்தை நீட்டிக்காமல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.