எஞ்சிய வேலையை எண்ணுதல்

தமிழில் ‘திட்டம்’ என்னும் சொல் அளவுக்கு மீறிய சுமையைத் தாங்கி வருகிறது. ஆங்கிலத்தில் பிளான், ஸ்கீம், புரோகிராம், பிராஜெக்ட் என்று நான்கு சொற்கள் வெவ்வேறு பொருளில் வழங்குகின்றன. மத்திய அரசின் அலுவலகங்களிலிருந்து அவை தமிழாக்கத்திற்கு வந்து சேருங்கால், நான்கும் பெரும்பாலும் ‘திட்டம்’ என்ற ஒரே உடையை உடுத்தே வெளிச்செல்கின்றன. ஐந்தாண்டுத் திட்டமும் திட்டம். மதிய உணவுத் திட்டமும் திட்டம். பள்ளிக்கூடத்தின் பின்புறமுள்ள கிணற்றை ஆறு மாதத்தில் தூர்வாரி முடிக்கும் ஏற்பாடும் திட்டமே. இஃது மொழிபெயர்ப்பாளனின் தொல்லை என்று வாசகர்கள் ஒதுக்கிவிடலாம். எனினும், இவற்றுள் கடைசி வகைக்குத் தனியானதோர் இயல்பு உண்டு. மதிய உணவு பள்ளி நடக்கும் நாளெல்லாம் நடைபெற வேண்டியது. கிணறு தூர்வாருதலோ ஒரு நாள் முடிந்துபோக வேண்டியது. முடிய வேண்டிய வேலையை முடிவில்லாத வேலைபோல் நடத்துவதால் விளையும் நஷ்டத்தைக் கள ஊழியர்களும் ஆசிரியர்களும் நாள்தோறும் காண்கின்றனர். பதிவேடுகள் நிரம்புகின்றன, கிணறு தூர்ந்தபடியே கிடக்கிறது.

முடிய வேண்டிய வேலைக்குத் திட்டம் வகுப்போர், செய்த வேலையை எண்ணுவதற்கு முன்னர், எஞ்சி நிற்கும் வேலையை எண்ணுவதற்கு வழி செய்ய வேண்டும் என்பது என் கருத்து. கேட்பதற்கு மிக எளிதாகத் தோன்றும் இவ்விஷயத்தைக் கைக்கொள்ள நம் நாட்டிற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயின என்பதற்குப் பெரியம்மை ஒழிப்பின் வரலாறே சான்றாக இருக்கிறது.

1962-ஆம் ஆண்டில் தேசியப் பெரியம்மை ஒழிப்புத் திட்டம் தொடங்கப்பெற்றது. மக்கள் தொகையில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மூன்றாண்டுகளுக்குள் அம்மை குத்தி முடிப்பது அதன் இலக்கு. ஊழியர்கள் உழைக்காமலில்லை. கோடிக்கணக்கானவர்களுக்கு அம்மை குத்தப்பட்டதாக அறிக்கைகள் வந்தன. ஆயினும் 1967-ஆம் ஆண்டில் நாட்டில் ஏறத்தாழ 85,000 பேர் பெரியம்மை கண்டதாகப் பதிவாயிற்று, பதிவாகாதவை எத்தனையோ. இதன் காரணத்தை ஆராய்ந்தவர்கள் கண்ட உண்மை ஆசிரியர்களுக்கு வியப்பளிக்காது. அம்மை குத்துபவருக்கு ஒரு மாதத்தில் இத்தனை பேர் என்று கணக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. ஒரே இடத்தில் வரிசையாக நின்று கையை நீட்டக்கூடியவர்கள் யார்? பள்ளிப் பிள்ளைகளே. ஆதலால் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பக் குத்தப்பட்டது. கைக்குழந்தைகளும், கூலிக்காக ஊர்விட்டு ஊர் செல்வோரும், நகரத்துச் சேரிகளில் ஒதுங்கிக் கிடந்தோரும் விடப்பட்டனர். ஒரு பிள்ளைக்கு மூன்று முறை குத்தினாலும் பதிவேட்டில் அது மூன்று என்றே ஏறும். ஊழியரைப் பொய்யர் என்று பழிப்பதற்கு இதில் இடமில்லை. அவரை எண்ணச் சொன்ன பொருள் அத்தகையது. அவர் அதை எண்ணினார்.

அம்மை குத்தியது வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. பல மாநிலங்களில், குறிப்பாகத் தெற்கே, நோய் பெரிதும் தணிந்ததற்கு அவ்வுழைப்பும் காரணமாக இருந்தது. ஆனால் தணிப்பது வேறு, ஒழிப்பது வேறு. திட்டத்தின் பெயரில் ‘ஒழிப்பு’ என்று எழுதிவிட்டு அதன் கணக்கில் ‘குத்தியது’ என்று எழுதினால், பெயரும் கணக்கும் இரு வேறு திசைகளில் சென்றுவிடும்.

1973-ஆம் ஆண்டில் மத்திய அரசும் உலக சுகாதார நிறுவனமும் கூடிப் புதிய முறையொன்றைத் தீவிரமாக மேற்கொண்டன. எத்தனை பேருக்குக் குத்தினோம் என்ற கேள்வி பின்னே சென்றது. பெரியம்மை இன்னும் எந்தெந்த ஊர்களில் இருக்கிறது என்ற கேள்வி முன்னே வந்தது. இது நோயின் இயல்பை அறிந்து செய்த மாற்றமாகும். பெரியம்மை மனிதரை விட்டு வேறு பிராணிகளிடம் தங்குவதில்லை. நோய்க்குறி வெளியே தெரியாமல் நெடுநாள் கிருமியைப் பரப்புவோரும் இல்லை. தொற்றியபின் கொப்புளம் வெளிப்பட ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகிறது. தொற்றிய மூன்று நான்கு நாட்களுக்குள் அம்மை குத்தினாலும் பெரும்பாலோரைக் காக்க முடியும். ஆகவே நோய் கண்ட வீட்டை விரைவில் கண்டுபிடித்து, அவ்வீட்டினருக்கும் சுற்று வீட்டாருக்கும் உடனே குத்திவிட்டால், நோய் மேலும் செல்ல வழியின்றி அங்கேயே அடங்கிவிடும். எண்பது சதவீதம் என்பதைவிட இது எவ்வளவோ சிறிய வேலை. ஆனால் எவ்வளவோ கூர்மையான வேலை.

காலத்தைத் தேர்ந்ததும் கவனிக்கத்தக்கது. கோடையில் அம்மை பெருகும் என்பதை நம் நாட்டில் எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலம் முடியும் மாதங்களில் அது மிகக் குறைந்திருக்கும். அவ்வாறு குறைந்திருக்கும்போது ஒரு சங்கிலியை அறுத்தால், அடுத்த கோடையில் கிளைக்கவிருந்த பல சங்கிலிகள் அறுபடும். ஆதலால் வீடுவீடாகத் தேடும் பணியை 1973-ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் தொடங்கினர். நம் அலுவலகங்களில் காலக்குறிப்பு வகுப்போர் பெரும்பாலும் வேறொரு பருவத்தையே அறிவர். அது மார்ச்சு மாதம் 31-ஆம் தேதியோடு முடியும் பருவம். மரக்கன்று நடுவதும் மண் மாதிரி எடுப்பதும் நிதியாண்டைப் பார்த்து நடைபெற்றால் கன்று பிழைக்காது, மாதிரியும் பயன்படாது. நிதியாண்டை நாம் மாற்ற முடியாது. ஆனால் வேலையின் பருவத்தை முதலில் குறித்துக்கொண்டு, பணம் அதற்குள் வந்து சேரும்படி விண்ணப்பத்தை முன்கூட்டியே அனுப்ப எந்த விதியும் தடையில்லை.

தேடுதல் எவ்வாறு நடந்தது என்பதையும் கூறவேண்டும். குறிப்பிட்ட வாரத்தில், மலேரியா ஊழியர், குடும்ப நல ஊழியர், அம்மை குத்துவோர் எனப் பல துறையினரும் ஒருங்கே புறப்பட்டனர். பெரியம்மை கண்ட குழந்தையின் படம் அச்சிட்ட அட்டை ஒவ்வொருவர் கையிலும் இருந்தது. ஊர்த் தலைவரிடமும், சந்தையிலும், தேநீர்க் கடையிலும் அதைக் காட்டி, ‘இப்படி யாருக்காவது கண்டிருக்கிறதா?’ என்று விசாரித்தனர். பள்ளிக்கூடத்தில் விசாரித்தபோதுதான் நல்ல செய்திகள் மிகுதியாகக் கிடைத்தன. பல ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகள் தங்கள் தெருவில் நடப்பதை மறைக்கத் தெரியாதவர்கள். முன்பு கையை நீட்டுவதற்கு மட்டும் பயன்பட்ட பிள்ளைகள் இப்போது நாட்டிற்குக் கண்ணாக இருந்தனர் என்பதை ஆசிரியர்கள் மகிழ்ச்சியோடு நினைவுகூரலாம். தேடிய ஊர்களில் ஒரு பகுதிக்கு மேற்பார்வையாளர்கள் சில நாட்களில் மீண்டும் சென்று, ‘தேடுவோர் வந்தார்களா? படத்தைக் காட்டினார்களா? நோயைத் தெரிவித்தால் பரிசு உண்டென்று சொன்னார்களா?’ என்று ஊராரையே கேட்டனர். ஊழியர் எழுதியதை ஊழியரிடமே சரிபார்க்கும் வழக்கம் அங்கு இல்லை.

இனி, இவ்வரலாற்றில் மிகக் கடினமான இடத்திற்கு வருவோம். தேடத் தொடங்கியவுடன், எதிர்பார்த்ததைக் காட்டிலும் பன்மடங்கு ஊர்களில் நோய் இருப்பது தெரிந்தது. எஞ்சியதை எண்ண முற்படுவோர் அனைவரும் சந்திக்க வேண்டிய சங்கடம் இதுவே: கணக்கு முதலில் பெருகும். மேலதிகாரிக்கும் பத்திரிகைக்கும் அது தோல்வியாகத் தோன்றும். அதற்கு முந்திய ஆண்டுகளில், தம் எல்லையில் நோய் மிகுந்தால் தண்டனை வருமென்று அஞ்சி, அதனைப் பதியாமலே விட்ட அலுவலர்கள் பலர் இருந்தனர். 1974-ஆம் ஆண்டில் இந்தியாவில் பதிவான நோயாளிகள் 1,88,003 பேர். இறந்தோர் 31,262 பேர். பீகார் மாநிலமே மிகக் கொடிய துன்பத்திற்கு உள்ளாயிற்று. அங்கு நடந்த ஒரு கூட்டத்தில், இப்புதிய முறையைக் கைவிட்டு எல்லோருக்கும் அம்மை குத்தும் பழைய முறைக்கே திரும்புவதென மாநிலச் சுகாதார அமைச்சர் கூறினார். அப்போது இளம் இந்திய மருத்துவர் ஒருவர் எழுந்து, தம் கிராமத்தில் ஒரு வீடு தீப்பற்றினால் எல்லாக் கூரைகளின் மீதும் நீர் தெளித்துக்கொண்டிருக்கமாட்டார்கள், எரியும் வீட்டிற்கே குடத்தோடு ஓடுவார்கள் என்னும் கருத்தைச் சொன்னதாக அப்பணியில் ஈடுபட்டோர் எழுதியுள்ளனர். மேலும் ஒரு மாதம் அவகாசம் கிடைத்தது. அம்மாதத்தில் எண்ணிக்கை குறையத் தொடங்கியது.

அமைச்சரைக் குறை கூறுதல் எளிது. மாண்டவர்களின் கணக்கு நாள்தோறும் மேசைக்கு வரும்போது, ஏதேனும் பெரிதாகச் செய்ய வேண்டுமென்று தோன்றுவது இயற்கையே. ஆனால் அன்று அவ்விளைஞரால் எழுந்து பேச முடிந்தது எதனால் என்பதை நாம் சிந்திக்க வேண்டும். எந்த ஊரில் நோய் உள்ளது, எந்த ஊரில் அடங்கிவிட்டது என்ற பட்டியல் அப்பணியாளர்கள் கையில் இருந்தது. ஓர் ஊரில் கடைசி நோயாளிக்குப் பின் குறித்த சில வாரங்கள் புதிய நோயாளி எவரும் தோன்றாவிடில் மட்டுமே அவ்வூரின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். அத்தகைய பட்டியல் இல்லாத இடத்தில் துணிச்சல் வெறும் பிடிவாதமாகவே கருதப்பட்டிருக்கும்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். நோய் கண்ட வீட்டின் வாசலில் இரவும் பகலும் காவலர் அமர்த்தப்பட்டனர். வருவோர் யாராயினும் அம்மை குத்திக்கொள்ளாமல் உள்ளே போகக்கூடாது. நோயாளி வெளியே செல்லக்கூடாது. இக்காவலரை அன்றே, அவ்வூரிலேயே கூலிக்கு அமர்த்த வேண்டும். இதற்குத் தலைநகரிலிருந்து அனுமதி வரும்வரை காத்திருந்தால் நோய் அடுத்த ஊரைச் சேர்ந்துவிடும். ஆகையால், களத்திலிருந்த மருத்துவர்களிடம் சிறு செலவுக்கான தொகையும், அதைச் செலவிடும் அதிகாரமும் தரப்பட்டன. கணக்குக் கேட்கப்பட்டது, ஆனால் செலவழித்த பிறகு கேட்கப்பட்டது. பொறுப்பை ஊழியரிடமும் சாவியை மாவட்ட அலுவலகத்திலும் வைக்கும் திட்டங்களை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். இரு கவையுடைய ஊசி வந்ததும் பெரும் உதவியாயிற்று. அதுவரை நம் நாட்டில் வழங்கிய சுழல் கருவி பிள்ளைகளுக்கு மிகுந்த வேதனை தந்தது. புதிய ஊசிக்கு மருந்தும் குறைவு. அதைப் பயன்படுத்தப் புதியவர் ஒருவர் சில நிமிடங்களில் கற்றுக்கொள்ளலாம். கருவியின் பெருமையை எல்லோரும் பேசுவர். என் மதிப்பில் அந்தச் சில்லறைப் பணமும் ஊசிக்கு நிகராக வேலை செய்தது.

1975-ஆம் ஆண்டு மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை நின்றது. ஆகஸ்டு 15-ஆம் தேதி அது அறிவிக்கவும் பட்டது. ஆனால் வேலை அன்று முடிந்துவிடவில்லை. தேடுதல் தொடர்ந்தது. நோயாளி ஒருவரைக் காட்டுவோருக்குரிய பரிசு ஆயிரம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. நோய் மிகுந்திருந்தபோது சிறு தொகை, நோய் இல்லாதபோது பெருந்தொகை! கொப்புளம் கண்டதாக வந்த செய்திகள் ஒவ்வொன்றும் விசாரிக்கப்பட்டன. அவை சின்னம்மையாகவோ வேறொன்றாகவோ இருந்தன. 1977-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சர்வதேச ஆய்வுக்குழு வந்து பார்த்துச் சான்றளித்த பின்னரே அப்பணி முடிந்ததாகக் கருதப்பட்டது. எஞ்சியது பூஜ்யம் என்று சொல்வதற்கும் அதை மெய்ப்பிப்பதற்கும் இடையே ஏறத்தாழ இரண்டாண்டு உழைப்பு இருந்தது. திட்டம் வகுக்கும்போதே இந்த உழைப்புக்கும் ஆளும் பொருளும் ஒதுக்கியாக வேண்டும்.

ஒதுக்காவிடில் என்னாகும் என்பதற்கு மலேரியாவைப் பார்க்கலாம். 1958-ஆம் ஆண்டில் தொடங்கிய மலேரியா ஒழிப்புத் திட்டத்தால் 1961-இல் நோயாளிகள் ஏறத்தாழ 50,000 பேராகக் குறைந்தனர். 1976-இல் 64 லட்சத்திற்கும் மேல் பதிவாயினர். கொசுக்கள் மருந்துக்கு அடங்காமற் போனது ஒரு காரணம். நகரங்களில் கவனம் குறைந்தது மற்றொன்று. குறைந்த நோயைக் காவல் காக்கும் பொறுப்பை ஏற்க வேண்டிய பொதுச் சுகாதார நிலையங்கள் பல இடங்களில் அதற்குத் தயாராகாமல் இருந்ததும் ஒரு காரணம். மலேரியாவும் பெரியம்மையும் ஒன்றல்ல. கொசுவைத் தேடி அட்டையைக் காட்ட முடியாது. ஆயினும் கையளிக்கும் வேலை எவரிடம், எந்நாளில், எத்தனை ஆட்களோடு கையளிக்கப்படும் என்று எழுதாமல் விட்ட குறை எந்தத் துறைக்கும் பொதுவானது.

நம் மாத அறிக்கைப் படிவங்களை இக்கண்ணோடு ஒருமுறை பார்க்க வேண்டுகிறேன். ‘இம்மாதம் செய்தது’, ‘இதுவரை செய்தது’, ‘இலக்கில் சதவீதம்’ என்று மூன்று பத்திகள் பெரும்பாலும் இருக்கும். குடிநீர்க் கிணறுகளைச் சோதிக்கும் பள்ளியாயின், நாற்பது மாதிரிகள் எடுக்கப்பட்டன என்று அதில் ஏறும். அவை நாற்பது கிணறுகளின் நீரா, பள்ளிக்கு அருகிலுள்ள பத்துக் கிணறுகளின் நீரை நான்கு முறை எடுத்ததா என்பதை அப்படிவம் கேட்பதில்லை. மேலிடத்திலிருந்து படிவம் மாறி வரும்வரை காத்திருக்க வேண்டாம். இடப்பக்கத்து ஓரத்தில் கையால் கோடிட்டு, இன்னும் சோதிக்கப்படாத கிணறுகளைத் தெருவின் பெயரோடு எழுதி அனுப்பலாம். முதல் மாதம் அப்பட்டியல் நீளமாக இருக்கும். ஏன் இவ்வளவு என்று விளக்கம் கேட்டுக் கடிதமும் வரக்கூடும். அதற்குரிய பதிலைப் பட்டியலோடு சேர்த்தே அனுப்பிவிடுவது நல்லது.