உருகிய பிறகு எத்தனை உயிர்?
விதுராவில் உள்ள ஐசர் அறிவியல் கல்வி நிறுவனத்தில் உயிரியல் படிக்கும் மாணவருக்குத் தெரிந்த ஒரு விஷயம், பொன்முடி மலைப்பாதையில் பிரசவத்துக்குக் கிளம்பும் பெண்ணுக்கும் தெரிய வேண்டும். தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்க, டிஎம்எஸ்ஓ என்ற காப்புத் திரவம் சேர்த்து, நிமிடத்துக்குச் சுமார் 1 டிகிரி வீதம் குளிர்விக்கிறார்கள். அவசரப்பட்டால் செல்லுக்குள்ளேயே பனிப்படிகம் முளைத்து அதைச் சிதைத்துவிடும். பிறகு மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன். வெளியே எடுக்கும்போது நேரெதிர்: பையை 37 டிகிரி நீரில் மெல்ல அசைத்து, சட்டென்று உருக்க வேண்டும். குளிரில் காத்த அதே டிஎம்எஸ்ஓ சூடேறினால் செல்லுக்கு நஞ்சு. இத்தனை பக்குவத்துக்குப் பிறகும் ஒரு பகுதி செல்கள் மடிகின்றன. எனவே சேமித்த அன்று எண்ணிய கணக்கு போதாது. உருக்கிய பின் எத்தனை பிழைத்து வளர்கின்றன என்று சொல்ல வேண்டும். தனியார் கொடிரத்த வங்கி விளம்பரங்களில் நான் தேடுவது இந்த எண்ணைத்தான். யாருக்கு உதவும் என்பதும் கேள்வி: 1988-ல் பாரிஸில் ஃபான்கோனி ரத்தசோகைச் சிறுவனைப் பிழைக்க வைத்தது அவனுடைய சொந்த ரத்தம் அல்ல, உறையவைத்து உருக்கிய அவன் தங்கையின் கொடிரத்தம். குடும்பத்தில் அப்படித் தேவைப்படும் நோயாளி இல்லையென்றால் தனியார் சேமிப்பை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) பரிந்துரைப்பதில்லை. இந்த இரண்டையும் கர்ப்பிணியிடம் பணம் கட்டும் முன்பே, அவள் மொழியில், மருத்துவமனை சொல்லியாக வேண்டும்.