ஏரிக்கரையும் ஓர் ஆய்வுக்கூடமே!



ஆசிரியர் தவறு செய்யலாமா? செய்யலாம். ஆனால், தவறு என்று தெரிந்த பின்னும் அதை மறைக்கக் கூடாது. நான் செய்த ஒரு தவறிலிருந்தே இக்கட்டுரையைத் தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரியில் பாய்மங்களின் இயக்கம் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து மாணவர் ஒருவர் எழுந்தார். கடற்கரைக் கிராமத்துப் பிள்ளை. அப்பாவுக்குச் சொந்தமாக ஃபைபர் படகு உண்டு.

"சார், எஞ்சினைக் கொஞ்சம் தூக்கி மாட்டினா, விசிறி பாதி தண்ணிக்கு வெளியே சுத்தும். அப்போ படகு இன்னும் வேகமாப் போகுமா?" என்று கேட்டார்.

"காற்றைக் கடைந்தால் வெண்ணெய் வருமா தம்பி?" என்றேன் நான். வகுப்பே சிரித்தது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

அன்றிரவு என் மனம் உறுத்தியது. நான் சொன்னது உண்மைதானா என்று தேடத் தொடங்கினேன். தேடல் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடம் அமெரிக்காவின் ஏரிக்கரைகள். அங்கே அவுட்போர்டு மோட்டார் படகுப் பந்தயங்களில் ஓடிய முதியவர்கள் எழுதிவைத்த நினைவுக் குறிப்புகள் கிடைத்தன. அவற்றைப் படித்தபோது, என் மாணவரின் கேள்விக்கு அவர்கள் பல்லாண்டுகளுக்கு முன்பே செய்துபார்த்து விடை கண்டிருந்தது தெரிந்தது. பாடநூல் படித்த நான் வெட்கித் தலைகுனிந்தேன்.

பின்னால் தொங்கும் எஞ்சின்

அவுட்போர்டு என்பது படகின் உள்ளே பொருத்தப்படாமல், பின்பலகையில் வெளியே தொங்கவிடப்படும் எஞ்சின். மேலே எஞ்சின், நடுவே நிமிர்ந்து இறங்கும் தண்டு, அடியில் பல்சக்கரப் பெட்டி, அதன் முனையில் விசிறி. நம் கடற்கரைகளிலும் இதைக் காணலாம். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஓலே எவின்ரூட், 1909இல் மில்வாக்கி நகரில் இத்தகைய எஞ்சினை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன் திறன் ஒன்றரைக் குதிரைத் திறன். எடை 62 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 28 கிலோகிராம்.

எஞ்சின் கைக்கு அடக்கமானதும் பந்தயம் பிறந்துவிட்டது! எஞ்சினின் உருளைக் கொள்ளளவை வைத்து வகுப்புகள் பிரித்தார்கள். 'பி' வகுப்பு என்றால் 20 கன அங்குலம், நம் கணக்கில் சுமார் 328 கன செ.மீ.; 'சி' என்றால் 30 கன அங்குலம், சுமார் 492 கன செ.மீ. இது செல்வர்களின் விளையாட்டு மட்டுமன்று. இன்று நீங்கள் இந்த இதழைப் படிப்பதுபோல, அன்று அங்கே அறிவியல், கைத்தொழில் மாத இதழ்களைப் படித்தவர்கள் பலர். அவற்றில் வெளியான வரைபடங்களைப் பார்த்து, வீட்டுக் கொட்டகையிலேயே ஒட்டுப்பலகையில் படகு கட்டினார்கள்.

ஓட்டுபவர் படகினுள் மண்டியிட்டு அமர்வார். ஒரு கை சுக்கானில். மறு கை எரிபொருள் விசைப்பிடியில். பிடியை விட்டால் அதிலுள்ள சுருள்வில் தானாகவே எரிபொருளைக் குறைத்துவிடும். எஞ்சினைக் கிளப்ப, சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி ஒரே இழுப்பு! பந்தயத்தின் தொடக்கமும் வேடிக்கையானது. படகுகள் வரிசையில் நிற்பதில்லை. எல்லோரும் சுற்றிவந்துகொண்டே இருப்பார்கள். கரையிலுள்ள பெரிய கடிகாரத்தின் முள் சுழியைத் தொடும் கணத்தில், முழு வேகத்தில் கோட்டைக் கடக்க வேண்டும். முந்தினால் தண்டனை, பிந்தினால் தோல்வி. தூரம், காலம், வேகம் மூன்றையும் மனத்திலேயே கணக்கிட வேண்டிய தேர்வு அது.

நீரைத் தொட்டும் தொடாமலும்

இனி விசிறிக்கு வருவோம். நீர் காற்றைப்போல் ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. எனவே வேகமாகப் போக விரும்பும் படகு, தன் உடலில் எவ்வளவு குறைவான பகுதி நீரில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. படகு மெதுவாகச் செல்லும்போது, இடம்பெயர்ந்த நீரின் எடையால், அதாவது ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி மிதக்கிறது. வேகம் கூடும்போது அடிப்பலகை நீரைக் கீழ்நோக்கித் தள்ள, நீர் படகை மேல்நோக்கித் தள்ளுகிறது. இவ்விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. ஆகவே வேகம் இரு மடங்கானால், அதே எடையைத் தாங்க நாலில் ஒரு பங்கு நனைந்த பரப்பே போதும். நல்ல பந்தயப் படகு முழு வேகத்தில் முன்பக்கம் இரண்டு சிறு பரப்புகளையும், பின்பக்கம் விசிறிப் பகுதியையும் மட்டுமே நீரில் வைத்து ஓடும்.

அப்போது நீரில் மிஞ்சியிருப்பது எது? எஞ்சினின் பல்சக்கரப் பெட்டி! நீர்த்தடையில் பெரும்பங்கு அதனால் வருவதே. இதை உணர்ந்த பந்தயக்காரர்கள் எஞ்சினைக் கால் அங்குலம், கால் அங்குலமாக உயர்த்திப் பார்த்தார்கள். விசிறியின் மேற்பாதி காற்றில் சுழன்றது. அங்கே உந்துவிசை குறைந்ததுதான். ஆனால் தடை அதைவிட மிகுதியாகக் குறைந்தது. படகு விரைந்தது!

இன்னொரு நன்மையும் உண்டு. நீருக்குள் மிக வேகமாகச் சுழலும் விசிறி இதழின் முதுகில் அழுத்தம் வெகுவாகக் குறையும். நீர் சூடாகாமலே கொதித்து ஆவிக்குமிழ்கள் தோன்றும். அக்குமிழ்கள் உடையும்போது உலோகத்தையே அரித்துவிடும். விசிறி நீர்ப்பரப்பைக் கிழித்துச் சுழன்றாலோ, அம்முதுகுப்புறத்தில் காற்று வந்து நிறைந்துவிடுகிறது, அரிப்பு தவிர்க்கப்படுகிறது. இப்படிச் சுழலும் விசிறிகளை 1910களிலேயே கனடாவைச் சேர்ந்த ஆல்பர்ட் ஹிக்மன் தம் படகுகளில் பயன்படுத்தியிருக்கிறார்.

ஆனால் எஞ்சினை அளவுமீறி உயர்த்தினால் என்ன ஆகும்? விசிறிக்கு நீரில் பிடிப்பு இராது, வெறுமனே சுழலும். குளிர்விக்கும் நீரை இழுக்கும் துளையும் காற்றைக் குடிக்கும். எஞ்சின் சூடேறிக் கெடும். வலையும் மீனும் ஏற்றி மெதுவாக வரும் பாரப் படகுக்கு, விசிறி முழுதும் மூழ்கியிருப்பதே சரி. ஆகவே என் விடை பாதி சரி, பாதி தவறு. "எந்தப் படகு? என்ன வேகம்?" என்று திருப்பிக் கேட்காமல் சிரித்ததுதான் முழுத் தவறு.

விளக்கெண்ணெய் மணம்

பழைய பந்தயக்காரர்கள் நினைவுகளில் தவறாமல் வருவது ஒரு மணம். அது ஆமணக்கு எண்ணெய் எரியும் மணம். பாட்டி கரண்டியில் ஊற்றிக் கொடுக்க வரும்போது நாம் தப்பி ஓடினோமே, அதே விளக்கெண்ணெய்தான்! அவர்களுடைய டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களில் எரிபொருளோடு உயவு எண்ணெயையும் கலக்க வேண்டும். பந்தய எரிபொருளாகப் பலர் பயன்படுத்தியது மெத்தனால். அதனோடு எளிதாகக் கலந்து, உலோகத்தை விடாமல் பற்றிக்கொள்வது ஆமணக்கு எண்ணெய்.

இங்கே ஒரு புதிர். ஒரு கிலோகிராம் பெட்ரோல் எரிந்தால் சுமார் 44 மெகாஜூல் வெப்பம் வரும். மெத்தனாலிலோ சுமார் 20 மெகாஜூல்தான். பிறகு எதற்கு மெத்தனால்?

எஞ்சின் எவ்வளவு காற்றை உள்ளிழுக்கிறது என்பதே அதன் திறனுக்கு எல்லை. ஒரு கிலோகிராம் பெட்ரோல் எரிய 14.7 கிலோகிராம் காற்று வேண்டும், மெத்தனாலுக்கு 6.4 கிலோகிராம் போதும். வகுத்துப் பாருங்கள்! ஒரு கிலோகிராம் காற்றுக்கு இரண்டுமே ஏறத்தாழ 3 மெகாஜூல்தான் தருகின்றன. வேறுபாடு ஆவியாதலின் உள்ளுறை வெப்பத்தில் இருக்கிறது. மெத்தனாலுக்கு அது மிகுதி. உள்ளே செல்லும் எரிபொருளின் அளவும் மிகுதி. இரண்டும் சேர்ந்து, ஒவ்வொரு கிலோகிராம் காற்றிலிருந்தும் பெட்ரோலைப்போல் சுமார் ஏழு மடங்கு வெப்பத்தை ஆவியாதலுக்காக உறிஞ்ச வல்லவை. குளிர்ந்த காற்று அடர்ந்த காற்று; உருளைக்குள் கூடுதலாக அடைபடும். அதோடு மெத்தனால் கலவையை நன்கு அழுத்தினாலும் அது முன்கூட்டி வெடிப்பதில்லை. திறன் கூடியதன் இரகசியம் இதுதான்.

புகைபோக்கிக் குழாயிலும் இப்படியொரு கதை உண்டு. குழாய் திறந்திருந்தால் புகை தடையின்றிப் போகும், திறன் கூடும் என்பதே பொதுவான எண்ணம். கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். மோட்டார் சைக்கிள் ஆலையில் பணியாற்றிய வால்ட்டர் காடன், 1950களில் வேறு வழி கண்டார். குழாயை முதலில் விரியச் செய்து, பின்பு குறுகச் செய்தார். விரியும் பகுதியில் எதிரொலிக்கும் அலை புகையை வெளியே உறிஞ்சும்; குறுகும் பகுதியில் எதிரொலிக்கும் அலை, வெளியே நழுவிய புதுக் கலவையை மீண்டும் உருளைக்குள் தள்ளும். உங்கள் பள்ளி ஆய்வகத்தில் இசைக்கவையை வைத்துச் செய்யும் ஒத்ததிர்வுச் சோதனைக்கு நெருங்கிய உறவு இது. நிமிடத்துக்கு 10,000 சுற்று என்றால், ஒரு சுற்றுக்கு 6 மில்லி செகண்டு. சூடான புகையில் ஒலி செகண்டுக்குச் சுமார் 500 மீட்டர் செல்லும் என்று கொண்டால், 2 மில்லி செகண்டில் அலை எவ்வளவு தூரம் போய்த் திரும்பும்? குழாயின் நீளம் எந்த அளவில் இருக்க வேண்டும் என்பது உங்களுக்கே விளங்கும். 1960களில் இத்தகைய குழாய்கள் படகுப் பந்தயத்திலும் பரவின.

நினைவும் அளவும்

அப்படியானால் முதியோர் சொல்வதையெல்லாம் அப்படியே நம்பிவிடலாமா? கூடாது. நினைவில் படகுகள் ஆண்டுக்கு ஆண்டு வேகமாக ஓடும்!

ஒருவர், "என் விசிறி நிமிடத்துக்கு 6,000 சுற்றுச் சுற்றியது, மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் போனேன்" என்கிறார். விசிறியின் புரியிடைத் தூரம் 35 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதாவது மரத்தில் ஏறும் திருகாணிபோல, அது ஒரு சுற்றுக்கு 35 செ.மீ. முன்னேற வேண்டும். செகண்டுக்கு 100 சுற்று என்றால் 35 மீட்டர். மணிக்கு 126 கி.மீ. நீர் மரமன்று, வழுக்கும். ஆகவே உண்மை வேகம் இதற்கும் கீழே. 150 என்பது எப்படி வந்தது? சுற்று எண்ணிக்கை தவறா, விசிறி வேறா, அல்லது நினைவு தவறா? பெருக்கல் வாய்பாடு போதும், கேள்வி கேட்க.

நேர்மையான பந்தயக்காரர்கள் இதை அறிந்தே இருந்தார்கள். அதனால்தான் வேகச் சாதனைக்கு ஒரே திசையில் ஓடினால் போதாது; எதிர்த் திசையிலும் ஓடி, இரண்டின் சராசரியை எடுக்க வேண்டும். காற்றும் நீரோட்டமும் செய்யும் உதவி இதனால் பெரும்பாலும் நீங்கிவிடும். 1960இல் அரிசோனாவின் ஹவாசு ஏரியில் ஹூபர்ட் என்ட்ராப் அவுட்போர்டு படகில் மணிக்கு 122 மைலுக்கு மேல், சுமார் 198 கி.மீ. வேகத்தைத் தொட்டார். கடிகாரமும் அளந்த தூரமும் சாட்சி நின்றதால்தான் அது சாதனை; இல்லாவிட்டால் வெறும் கதை.

மறைக்கக் கூடாத மறுபக்கமும் உண்டு. படகைத் தூக்கும் காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். படகின் எடையோ வளராது. மூக்கு சற்று நிமிர்ந்தால் படகு பின்னோக்கிக் கவிழும். அவுட்போர்டு அன்று, ஜெட் எஞ்சின் படகுதான் என்றாலும், 1967 ஜனவரி 4 அன்று இங்கிலாந்தில் டொனால்டு காம்ப்பெல்லின் உயிரைப் பறித்ததும் இப்படிக் கவிழ்ந்த விபத்தே. சாதனைக்கான இரண்டாவது, எதிர்த் திசை ஓட்டத்தில் அது நேர்ந்தது. கள்ளச் சாராயச் சாவுகளில் நாம் கேள்விப்படும் நஞ்சும் இந்த மெத்தனால்தான். பகல் வெளிச்சத்தில் அதன் சுடர்கூடக் கண்ணுக்குத் தெரியாது. பழைய டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டுகள் உள்ளே சென்ற எரிபொருளில் கால் பங்குக்கும் மேலாக எரியாமலே வெளியேற்றியதுண்டு. அந்த மணத்தை நினைத்து ஏங்குவோர், ஏரி குடித்த எண்ணெயையும் நினைக்க வேண்டும்.

என் கருத்து

அறிவியல், நூலில் மட்டும் இல்லை. அரமும் சுத்தியலும் பிடித்த கைகளிலும் இருக்கிறது. ஆனால் கையறிவு எழுதப்படாவிட்டால் ஆளோடு போய்விடும், அளக்கப்படாவிட்டால் கதையாகிவிடும். அந்தப் பந்தயக்காரர்களில் சிலர் எழுதிவைத்ததால்தான் என் தவறு எனக்குத் தெரிந்தது.

உங்கள் ஊரிலும் மோட்டார் மெக்கானிக் இருப்பார், பம்ப்செட் பழுது பார்ப்பவர் இருப்பார், படகு கட்டும் தச்சர் இருப்பார். அவரிடம் போங்கள். "அண்ணே, இதை ஏன் இப்படிச் செய்றீங்க?" என்று கேளுங்கள். சொன்னதைத் தேதியோடும் அளவோடும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். பிறகு பாடநூலைத் திறந்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாத இடத்தில்தான் நீங்கள் கற்க வேண்டியது இருக்கிறது.

அடுத்த வாரமே வகுப்பில், "தம்பி, உன் கேள்வி சரியானது, நான் சிரித்தது தவறு" என்று சொன்னேன். கரும்பலகையில் விசிறியின் படம் வரைந்து முழுவதும் விளக்கினேன். அவர் எழுந்து அடுத்த கேள்வியைக் கேட்டார்:

"அப்போ எவ்வளவு உயரம் தூக்கணும் சார்?"

"தெரியவில்லை. அளந்து பார்த்தால்தான் சொல்ல முடியும்" என்றேன். இம்முறை யாரும் சிரிக்கவில்லை.